செத்தவர் போட்ட வழக்கு

சாமி, நாக்பூரிலிருந்து நீ எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. தையில் முகூர்த்தம் என்று பெரியப்பா முடிவு செய்துவிட்டார், பெண் வீட்டாருக்கும் சம்மதம், கல்யாணம் முடிகிற வரைக்கும் வழக்குப் பேச்சை மட்டும் எடுக்காதே அம்மா என்று எழுதியிருக்கிறாய். பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது. தம்மம்பட்டிப் பக்கத்துப் பேச்சு கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது, அதனாலென்ன. கையில் வேலை இருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தவள். எனக்கு அது என்றைக்குமே வரவில்லை. பெண்ணிலும் குறையில்லை, சம்பந்தத்திலும் குறையில்லை. அந்த மாதத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. உன் அப்பா கண்ணை மூடியது இந்த ஐப்பசியில். அங்கிருந்து தை எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியாதா? நேரில் பேசினால் நான் கத்துவேன், நீ எழுந்து வெளியே போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். போர் போடுகிற ரிக் ஓடாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து படி.

இந்த வழக்கெல்லாம் முளைத்த வருஷம் உனக்குப் பதினைந்து வயது. நீ பாதியை மறந்திருப்பாய், மீதியை மறக்க நினைப்பாய். கிணறு வற்றிப்போய்க் கரும்பு காய்ந்த வருஷம் அது. ஜேடர்பாளையத்தில் அணை கட்டி ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலில் ஓடுகிறது, நம் மேட்டுக் காட்டுக்கு மட்டும் அது ஏறாது. உன் அப்பா திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் துளை போடுகிற வேலைக்குப் போனார். பொங்கல் முடிந்ததும் வண்டியை நாட்டின் வடகிழக்குக் கோடியில் இருக்கிற மலைப் பக்கம் அனுப்பினார்கள். அங்கே ஊர் ஊராகக் குடிதண்ணீருக்குப் போர் போடுகிற வேலை. பங்குனியில் டிரைவர் செங்கோடன் மட்டும் திரும்பி வந்தார். வாசலில் நின்றவர் உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டார். "அக்கா, பட்டாளத்துக்காரனுங்க வண்டியச் சுத்திக்கிட்டானுங்க. என்னைய உட்டுட்டானுங்க, அண்ணன ஏத்திட்டுப் போய்ட்டானுங்க" என்றார். எதற்கு என்று கேட்டேன். "பக்கத்துல ஒரு பாலத்துக்கு எவனோ வெடி வெச்சிருக்கான். பாறையத் துளைக்கறவனுக்கு வெடி வெக்கவுந் தெரியும்னு இவனுங்களுக்கு நெனப்பு. அண்ணனுக்கு இந்தி வராதுங்களே அக்கா. கேட்டதுக்கெல்லாம் தலைய ஆட்டிட்டாரு." செங்கோடன் பல நாள் முகாம் வாசலில் போய் நின்றிருக்கிறார். அப்படி ஒரு ஆளே இங்கே இல்லை என்று விரட்டியிருக்கிறார்கள். அந்த வாரம் பிடித்துக்கொண்டுபோன ஆட்களைச் சுட்டுவிட்டார்கள் என்று அங்கே ஒரு கடைக்காரன் சொன்னதைக் கேட்டுவிட்டு ரயில் ஏறியிருக்கிறார்.

கடைக்காரன் சொன்னது. அவனும் பார்த்ததில்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு உன் பெரியப்பா பங்காளிகளைக் கூட்டினார். அவர் பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம் குறித்திருந்தது. பங்காளி ஒருவன் செத்தானா இருக்கிறானா என்று தெரியாமல் எப்படிப் பந்தல் போடுவது? பந்தலில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருக்கும்போது சாவுச் செய்தி வந்தால் எல்லாருக்கும் தீட்டு. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி, சித்திரையிலேயே உன் அப்பாவை முடித்துவிடுவது. வைக்கோலில் ஆள் போல உருவம் செய்து, அவர் வேட்டியைச் சுற்றி, சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். "ஒடம்பக் காட்டுங்க மாமா, அழுவறேன். வைக்கப்புல்லுக்கு நான் எதுக்கு அழுவோணும்?" என்று கேட்டேன். "பட்டாளத்தான் புடிச்சவன உடுவானா அம்மிணி? நாங்க என்ன சந்தோசப்பட்டா பண்றோம்? ஒறம்பரைக்கெல்லாம் பத்திரிகை வெச்சாச்சு" என்றார் உன் பெரியப்பா. வேலை இல்லாதவர்கள் ஊரில் நிறையப் பேர். மூன்று பெண்கள் என் கையைப் பிடித்துக்கொள்ள, ஒருத்தி வளையலை உடைத்தாள். நீ மொட்டைத் தலையோடு போய்க் கொள்ளி வைத்தாய். உன்மேல் எனக்கு அப்போதும் கோபமில்லை, இப்போதும் இல்லை. கருமாதி முடிந்த கையோடு பெரியப்பா மணியக்காரரிடம் போய்ச் சாவையும் பதிந்துவிட்டு வந்தார். மாட்டுக்கு ஊசி போட்டதாக எழுதக்கூட மாட்டைக் கொண்டு வா என்பார்கள். மனுஷன் செத்ததாக எழுத யாரும் எதையும் காட்டச் சொல்லவில்லை. வைகாசியில் கல்யாணம் நன்றாகவே நடந்தது.

ஆவணியில் அவர் வந்தார். நான் காட்டில் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தேன். வரப்பு முனையில் யாரோ நிற்கிறார்கள், தாடியும் கிழிந்த சட்டையும், பிச்சைக்காரர் என்று நினைத்தேன். "ஏ புள்ள, கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றார். குரல் மட்டும்தான் அவருடையது. சொம்பை நீட்டினேன். அவர் கை அதுவரைக்கும் எழும்பவில்லை. நானே வாயில் ஊற்றினேன். குடித்து முடித்து என்னைப் பார்த்தார். "கழுத்து எதுக்குக் காலியா இருக்குது?" என்று கேட்டார். ஐயோ, அதற்கு என்ன பதில் சொல்வாய் நீ? அவர் என் கையைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், தானாகவே புரிந்துகொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் ஊர் கூடிப் பேசியது. கருமாதி ஆனவன் அப்படியே வீட்டுக்குள் நுழையக்கூடாதாம். புதிதாகப் பிறந்த பிள்ளை போலக் குளிக்க வைத்து, பேர் வைத்து, தாலியும் மறுபடி கட்ட வேண்டுமாம். அதுவரைக்கும் மாட்டுச் சாளையில் படுத்திருந்தார். உடுத்தி வந்த துணியை ஆற்றில் விடச் சொன்னார்கள், விட்டோம். ரத்தம் காய்ந்த துணி அது, பின்னால் கோர்ட்டில் அதைத்தான் கேட்டார்கள். தாலி கட்டும்போது அவர் கை தோளுக்கு மேல் ஏறவில்லை. நான் தரையில் உட்கார்ந்து, தலையை அவர் மடிவரைக்கும் குனிந்தேன். விரலிலும் பிடிப்பில்லை. முடிச்சை நானே போட்டுக்கொண்டேன்.

என்ன செய்தார்கள் என்று உன்னிடம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. என்னிடம் துண்டு துண்டாகச் சொன்னார். இரண்டு கையையும் பின்னால் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். தொடையின்மேல் கட்டையை வைத்து, இரண்டு பேர் ஏறி நின்று உருட்டியிருக்கிறார்கள். மூக்கில் துணியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அடிக்காத நேரத்தில் தகரம் மூடிய குழியில் போட்டு வைத்திருந்தார்கள். கேள்வியெல்லாம் இந்தியில். பதில் தெரியாததற்கு ஓர் அடி, கேள்வி புரியாததற்கு ஓர் அடி. கடைசியில் ஒருநாள், இவன் வெறும் ரிக் கூலிக்காரன் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. ரயில் நிலையத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு நீதிபதி முன்னால் நிறுத்தவில்லை, ஒரு வழக்கு எழுதவில்லை, தப்பாகப் பிடித்துவிட்டோம் போ என்றுகூட வாய் வார்த்தையாகச் சொல்லவில்லை.

அந்த வார்த்தைக்காகத்தான் வழக்குப் போட்டார், சாமி. நஷ்டஈடு என்று வழக்கில் எழுதியது சட்டத்துக்கு அப்படித்தான் எழுத வேண்டும் என்பதால். நீயும் மற்றவர்கள் மாதிரி, அப்பா காசுக்கு ஆசைப்பட்டு அலைந்தார் என்று நினைத்திருந்தால் இன்றைக்கே அதை மறந்துவிடு. "நாங்கதான் வெச்சிருந்தோம்னு அவிய எழுதிக் குடுத்தாப் போதும் புள்ள. நான் உசுரோட இருந்தேன்னு எங்கியாச்சும் இருக்கோணுமில்ல" என்பார். சேலத்தில் ஒரு வக்கீல் கிடைத்தார், நல்ல மனுஷர். சம்பவம் நடந்த ஊரிலேயே போய்ப் போடு என்று முதலில் மனுவைத் திருப்பிக் கொடுத்தார்கள். கை தூக்க முடியாதவர் எங்கே போவார்? அந்த அடியின் வலியை அவர் அனுபவிக்கிற இடம் இதுதான் என்று வக்கீல் வாதாடி உள்ளே வாங்க வைத்தார். பட்டாளத்தின்மேல் வழக்கு நடத்த டெல்லி அனுமதி தர வேண்டுமாம், அதற்கும் எழுதினோம். அடித்தவன் அனுமதி கொடுத்தால்தான் அடிபட்டவன் கேட்கலாம் என்று ஒரு சட்டம். அதற்குப் பதிலே வரவில்லை. வழக்குக்கு மட்டும் பதில் வந்தது. அந்த மாதம் அங்கே முகாமே இல்லை. முகாம் இருந்தாலும் இந்த ஆளைப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தாலும் நாட்டுக் காவலுக்காக நல்ல எண்ணத்தில் பிடித்தது, அதில் யாராவது அளவு மீறி அடித்திருந்தால் அது அவன் சொந்தக் காரியம், அரசாங்கம் பொறுப்பில்லை. இத்தனையும் ஒரே தாளில், ஒன்றன்கீழ் ஒன்றாக. ரிக்கில் ஓர் ஆள் கால் முறிந்தால் முதலாளிதானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்? லாரி இடித்தால் லாரிக்காரர்தானே வந்து நிற்க வேண்டும்? அரசாங்கம் என்கிற இந்த ஒரு முதலாளிக்கு மட்டும், சுடும்போது அவன் என் ஆள், மாட்டிக்கொண்டால் எவனோ.

என்னைக் கூண்டில் ஏற்றிய நாளில் நீ நாக்பூரில் இருந்தாய். சர்க்கார் தரப்பு வக்கீல் நம் ஊர்த் தமிழ்தான் பேசினார். மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

"உங்க வீட்டுக்காரருக்குக் கருமாதி நடந்ததா?"

"நடந்ததுங்க."

"யார் கொள்ளி வெச்சது?"

"என்ற பையன்."

"நீங்க தாலிய எடுத்தீங்களா?"

"எடுத்தாங்க."

"நீங்க எடுத்தீங்களான்னு கேட்டேன்."

"என்ற கைய மூணு பேரு புடிச்சிருந்தாங்க சார். நான் எந்தக் கையில எடுக்கறதுங்க?"

சிரித்தார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுமாறு நீதிபதி சொன்னார். "குடும்பம், ஊரு, மணியக்காரர், எல்லாரும் செத்துட்டாருன்னு ஒத்துக்கிட்ட ஒருத்தர, அதே மாசம் அரசாங்கம் அடைச்சு வெச்சிருந்துச்சுன்னு சொல்றீங்க, இல்லையா?" என்றார் வக்கீல். "அவரு அங்க பெஞ்சுல உக்காந்திருக்காருங்களே சார், நீங்களே பாருங்க" என்றேன். அவர் திரும்பி, சந்தையில் மாட்டைப் பார்ப்பது போல மேலும் கீழும் பார்த்தார். "அவர் யாருன்னு நிரூபிக்க வேண்டியது உங்க பொறுப்பும்மா" என்றார். உன் அப்பா எழுந்து நின்றார். கும்பிட நினைத்திருக்கிறார், கை பாதி வரைக்கும்தான் வந்தது. உட்காரச் சொன்னார்கள்.

உடம்பைப் பார்க்காமலே சாவை எழுத வைத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்ல உன் பெரியப்பாவைக் கூப்பிட்டிருந்தோம். அவர் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார். நான் வீட்டுக்கே போய்க் கேட்டேன். "பொய்ச் சாவு எழுதுனேன்னு என்னையத் தூக்கி உள்ள போட்டா நீ வந்து எடுப்பியா அம்மிணி? ஒண்ணுந் தெரியாத அவனையே அந்தப் பாடு படுத்துனவனுங்க, என்னைய உட்டு வெப்பானுங்களா?" என்றார். அவருக்குப் பயம். தம்பிக்கு நடந்ததைப் பார்த்தே அண்ணனுக்குப் பயம். அதற்குமேல் அவரிடம் சண்டை போடாமல் திரும்பி வந்துவிட்டேன். தீர்ப்பில், ஆள் இன்னார் என்பது சந்தேகம், அடைத்து வைத்தது நிரூபணமாகவில்லை, எப்படியும் அனுமதி வாங்கவில்லை என்று எழுதி, வாதியின் நிலை பரிதாபத்துக்குரியது என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். பரிதாபம் என்றும் எழுதி, தள்ளுபடி என்றும் எழுதலாம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மெட்ராஸ் ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டோம். அது அங்கேயே கிடந்தது.

இந்த ஐப்பசியில் அவருக்கு மூத்திரத்தில் ரத்தம் நிற்கவே இல்லை. சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது என்று நாமக்கல் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அடிபட்டதால்தானே என்று கேட்டேன். "அத்தனை வருஷத்துக்கு முந்தின அடிக்கு நான் எப்படிம்மா எழுதித் தர முடியும்?" என்றார் டாக்டர். கடைசியில் அவர் என்னிடம் சொன்னதை உனக்குச் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் இருந்தேன். உன் கடிதம் வந்த பிறகு சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது. "குழிக்குள்ள கெடக்கறப்ப உங்களத்தான் நெனச்சுட்டே இருப்பேன் புள்ள. அண்ணன் இந்நேரம் கலெக்டரப் பாத்திருப்பாரு, டெல்லிக்கே போயிருப்பாரு, எப்படியும் என்னையத் தேடிட்டு இருப்பாங்கன்னு நெனச்சுத்தான் உசுரப் புடிச்சுட்டுக் கெடந்தேன்" என்றார். குத்திக் காட்டிச் சொல்லவில்லை. சும்மா, பழைய கதை சொல்வது போலச் சொன்னார். அவர் அப்படி நினைத்துக்கொண்டிருந்த வைகாசியில் நாம் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருந்தோம்.

நீ வந்து மறுபடியும் கொள்ளி வைத்தாய். பங்காளிகள் யாரும் ஏன் வரவில்லை, பெரியப்பா ஏன் தள்ளி நின்றார் என்று என்னைக் கேட்டாய். அப்போது நான் அழுதுகொண்டிருந்தேன், இப்போது சொல்கிறேன். ஒரு ஆளுக்கு ஒரு தீட்டுத்தான், அதை நாங்கள் அப்போதே காத்துவிட்டோம் என்பது அவர்கள் கணக்கு. இரண்டாவது கருமாதிக்கு இடமில்லை. நீ ஊருக்குப் போன பிறகு நான் வக்கீலைப் போய்ப் பார்த்தேன். இந்த மாதிரி வழக்கு, போட்டவர் செத்தால் அவரோடு செத்துவிடுமாம். உயிரோடு இருந்தபோது செத்தவன் என்றார்கள், செத்த பிறகு வழக்கும் செத்தது என்கிறார்கள். ஒரே ஒரு வழி இருக்கிறது என்றார். அந்த அடியால்தான் செத்தார் என்று நாம் புதிதாகக் கேட்கலாம், காலம் கொஞ்சம்தான் இருக்கிறது, முதலில் இறப்புச் சான்று வேண்டும் என்றார். மணியக்காரர் இடத்தில் இப்போது இருக்கிற வி.ஏ.ஓ.விடம் போனேன். சின்னப் பையன், நல்லவன்தான். "ஏற்கெனவே எழுதியிருக்குதுங்களே அக்கா. ஒருத்தருக்கு ரெண்டு சாவு எப்படிங்க எழுதறது? மொதல்ல அதை ரத்து பண்ணி ஆர்டர் வாங்கிட்டு வாங்க" என்றான். அதை ரத்து செய்ய, எழுத வைத்தவர் வந்து சொல்ல வேண்டும். பெரியப்பா வரமாட்டார். அவரோடு முட்டாதே, கல்யாணத்தை முன்னால் நின்று நடத்துகிறவர் அவர்தான் என்று நீ எழுதியிருக்கிறாய்.

இப்போது அந்த முகூர்த்தத்துக்கு வருகிறேன். வீட்டில் சாவு விழுந்தால் நம் பக்கம் ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் வைக்கமாட்டார்கள். அதைப் பெண் வீட்டார் கேட்டிருக்கிறார்கள், கேட்காமல் இருப்பார்களா? "அவனுக்குத் தீட்டெல்லாம் அப்பவே முடிஞ்சுது, இப்பப் போனது கணக்குல வராது" என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். நீ பக்கத்தில் இருந்தாயாம். ஒன்றும் சொல்லவில்லையாம். சர்க்கார் வக்கீல் கோட்டுப் போட்டுக்கொண்டு சொன்னதைத்தான் பெரியப்பா வேட்டி கட்டிக்கொண்டு சொல்கிறார். நாளைக்கு நாம் மறுபடி கோர்ட்டுக்குப் போனால், சொந்த மகனே தையில் மாலை போட்டுக்கொண்டான், அப்பா முதல் கருமாதி நடந்த வருஷமே செத்துவிட்டார் என்பது அவனுக்கே தெரியும் என்று அந்த வக்கீல் எழுந்து சொல்வார். நானே கூண்டில் நின்று தலையை ஆட்ட வேண்டியதுதான், உன் அப்பா முகாமில் ஆட்டினாரே, அந்த மாதிரி.

உனக்குப் புத்தி சொல்லத்தான் பெற்றவள் கடிதம் எழுத வேண்டும். என்னிடம் புத்தி ஒன்றும் மிச்சமில்லை. கேட்டால் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன், நான் கேட்டுப் பார்த்தவள். உண்மை என்றைக்காவது வெளியே வரும் என்றும் சொல்ல மாட்டேன், அது பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்ததையே யாரும் பார்க்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். வண்டியோடு ஊர் ஊராகப் போகிறவன் நீ. உன்னைக் காணவில்லை என்று எவன் வந்து என்ன சொன்னாலும், உடம்பைப் பார்க்காமல் நான் அழமாட்டேன். உன் பெண்டாட்டிக்கும் இதைச் சொல்லி வை. யாரும் கையைப் பிடிக்க வந்தால் கடித்து வைக்கச் சொல்.

தையில் வேண்டாம், ஒரு வருஷம் பொறு என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். எழுதிக்கொண்டே வரும்போது, நீ பொறுக்கமாட்டாய் என்று எனக்கே தெரிந்துவிட்டது. பெரியப்பா மண்டபத்துக்குச் சொல்லிவிட்டார், ரிக் முதலாளி உனக்கு லீவு கொடுத்துவிட்டார், அந்தப் பெண்ணும் ஆசையாகக் காத்திருக்கிறாள். நான் சண்டை போடவில்லை. வந்துவிடுகிறேன். பின்னால் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்கிறேன். ஆனால் பந்தியில் பக்கத்து இலைக்காரி யாராவது, மாப்பிள்ளையோட அப்பா தவறி எத்தனை வருஷமாச்சுங்க என்று கேட்பாள். கேட்காமல் விடமாட்டார்கள். அதற்கு நான் என்ன சொல்லட்டும் என்று ஒரு வரி எழுதிப் போடு சாமி. நீ எழுதுகிறபடியே சொல்லிவிடுகிறேன்.

அம்மா